ஏழாம் நம்பருக்கு விட்ட இடம்

போன வாரம் எங்க காலேஜ் பேஸ்கட்பால் பிள்ளைகளோட வாட்ஸப் குரூப்புல ஒரே அக்கப்போரு. ரிட்டயர்டு ஆகறப்ப நான் இருந்த கோச் சீட்டுல இப்ப இருக்கறவ திவ்யா. டீம்லயே நல்லா ஆடற பொண்ணை மேட்சுல எறக்காம உக்கார வெச்சுட்டா. ப்ராக்டீஸுக்கு நேரத்துக்கு வர்றதில்லையாம், கேட்டா வாயைத் தொறக்கறதில்லையாம். உடனே ஆளாளுக்கு நாட்டாமை. "ஒழுங்கு இல்லாம என்ன ஆட்டம், நல்லா உக்கார வை"ன்னு ஒருத்தி. "தோத்துப் போட்டு ஒழுங்கை ஊறுகாய் போட்டுத் திங்கறதா"ன்னு இன்னொருத்தி.

நான் சும்மா படிச்சுட்டுத்தான் இருந்தேன். ரிட்டயர்டு ஆனவ வாயைத் தொறந்தா இந்தம்மாவுக்கு வேற சோலி இல்லைம்பாங்க. அப்பத்தான் திவ்யா ஒண்ணு போட்டா. "நடராஜ் சார் இருந்தப்ப தண்டனை வாங்கின பொண்ணோட இடத்தைக் காலியா விட்டே ப்ராக்டீஸ் நடக்குமாமே. நாளையில இருந்து நானும் அதைப் பண்ணப் போறேன்." கீழ வரிசையாக் கைதட்டு.

"வேண்டாம் கண்ணு"ன்னு மட்டும் அடிச்சேன். "ஏனுங்க மேம்?"னு கேட்டா. அதை அந்தத் துளியூண்டு பெட்டியில அடிச்சுத் தீராது. அதனாலதான் உக்காந்து எழுதறேன். படிச்சுட்டு அப்புறம் உன்ற இஷ்டம், திவ்யா.

எனக்குச் சொந்த ஊர் பவானிக்கு இக்கட்ட, கொஞ்சம் இந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துல ஓட்டம், காலேஜ்ல த்ரோபால், அப்புறம் பிசிகல் எஜுகேசன் படிப்பு, ரெண்டு மூணு ஸ்கூல்ல விசில் ஊதினது, கல்யாணம், ஒரு பையன். இதெல்லாம் எல்லார்த்துக்கும் இருக்கறதுதான். சத்தி ரோட்டுல இருக்கற இந்தக் காலேஜ்ல அசிஸ்டென்ட்டா வந்து சேர்ந்தப்ப, பேஸ்கட்பால்னா ஓடிப் போய்க் கூடையில பந்து போடறதுங்கற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் நடராஜ் சார் பக்கத்துல நின்னு பார்த்துப் பழகினது.

நடராஜ் சார் பெருந்துறைப் பக்கம், தோட்டந்தொரவு உள்ள குடும்பம். கோச்சுன்னாக் கத்தணும்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். அவரு கத்தி ஒரு நாளும் கேட்டதில்லை. கழுத்துல விசில் தொங்கும், ஊதமாட்டாரு. ரெண்டு தட்டுக் கையைத் தட்டினாருன்னா கிரவுண்டே நின்னு போகும். சந்தோசமா இருந்தா "ஏ புள்ள, இங்க வா"ம்பாரு. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "என்னங்க அம்மணி"ன்னா எரிச்சல். "நீங்க களைச்சுட்டீங்க அம்மணி, செத்த உக்காருங்க"ன்னா அந்தப் பொண்ணு கதை அன்னைக்கு முடிஞ்சுது. நம்ம ஊர்ல மரியாதையாப் பேசறது தாய்ப்பாலோட வர்றது. அந்த மரியாதையைக் கேட்டு மிரளற பிள்ளைகளை நான் வேற எங்கயும் பார்க்கலை.

ஒரு மேட்சுல ஒரு பொண்ணுக்கு ஷூ லேஸ் அவுந்து தொங்கிட்டு இருந்துச்சு. சார் டைம் அவுட் கேட்டாரு. எல்லாரும் திட்டு விழும்னு ஓடி வந்தா, இவரு அத்தனை ஜனத்துக்கு முன்னால கீழ மண்டி போட்டு அந்தப் பொண்ணோட லேஸைக் கட்டிவிட்டாரு. "நீங்க ஆடுங்க அம்மணி. இதையெல்லாம் நான் பார்த்துக்கறேனுங்க." அந்தப் பொண்ணு அழுதுட்டே ஆடினா. அதுக்கப்புறம் எங்க டீம்ல எவளுக்கும் லேஸ் அவுந்ததே கிடையாது.

இடத்தைக் காலியா விடறது அவரு கொண்டு வந்த வழக்கம். விவரம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பேஸ்கட்பால்ல ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர். ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம் இருக்கும். ஒருத்தி தப்புப் பண்ணினா, அவளை வெளிய நிறுத்திப்போட்டு அந்த எடத்துல வேற ஆளை விடமாட்டாரு. சாக்பீஸை எடுத்து அவ நிக்கற எடத்துல சிமெண்டுத் தரை மேல ஒரு வட்டம் போடுவாரு. மத்த நாலு பேரும் அவ இருக்கற மாதிரியே ஆடணும். அவ நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டு அந்த வட்டத்துக்குப் பாஸ் போடணும். பந்து வட்டத்துல பட்டு எழும்பறப்ப அடுத்தவ வந்து எடுத்துக்கணும். வட்டத்தை யாரும் மிதிக்கக் கூடாது. வெளிய நிக்கறவகூட எவளும் பேசவும் கூடாது, பார்க்கவும் கூடாது.

சாதாரணமா ஒரு நாளைக்கு மேல தாங்காது. தன்ற இடம் தான் இல்லாமயே நடக்கறதைப் பார்த்தா எந்தப் பொண்ணும் அழுதுட்டு வந்து மன்னிப்புக் கேட்பா. சார் ஷூவாலேயே வட்டத்தைத் தேய்ச்சு அழிச்சுட்டு, "போ புள்ள, ஆடு"ம்பாரு. ஆளைத் திட்டாம அடிக்காம வழிக்குக் கொண்டு வர்றாரேன்னு நானும் மெச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். எஸ்தர் விசயம் நடக்கற வரைக்கும்.

எஸ்தர் அன்னூர்ப் பொண்ணு, கடைசி வருசம், ஏழாம் நம்பர் ஜெர்சி. ஆள் குட்டை. பந்தை எடுத்துட்டு வந்து, போஸ்டுக்கு நேர் எதுக்க நின்னு, மொத்த ஆட்டத்தையும் நடத்தறது அவதான். அவ கையில பந்து இருந்தா மத்த நாலு பேரும் கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருப்பாங்க. அவிய அம்மா முன்ன காட்டு வேலைக்குப் போயிட்டு இருந்தவங்க, அப்புறம் எங்க காலேஜ்லயே கான்ட்ராக்ட்ல கூட்டித் துடைக்க வந்தாங்க. எஸ்தர் அதை மறைக்கலை. டீமோட நடந்து போறப்ப அம்மாவைக் கண்டா நின்னு, அவங்க பாட்டில்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் வருவா. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த வருச ஜோனல் போட்டிக்கு யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வருவாங்க. அதுல பேர் வந்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸோ ரயில்வேயோ ஒரு வேலை கெடைக்க வழி உண்டு. கடைசி வருசம்ங்கறதால அவளுக்கு அடுத்த தடவைங்கறதே கிடையாது.

ஆனி மாசம், பாலக்காட்டுப் பக்கமிருந்து காத்து எடுத்த சமயம். எஸ்தர் லேட்டா வர ஆரம்பிச்சா. சாயங்கால ப்ராக்டீஸுக்கு அவ ஓடி வர்றப்பப் பாதி முடிஞ்சிருக்கும். சார் கிரவுண்டைச் சுத்தி ஓடச் சொன்னாரு, ஓடினா. மறுக்காவும் லேட்டு, மறுக்காவும் ஓடினா. ஒரு நாள் கூப்பிட்டு நிறுத்திட்டாரு.

"என்னங்க அம்மணி காரணம்?"

"தப்புத்தானுங்க சார். ஓடிப்போடறேனுங்க."

"ஓடறது இருக்கட்டுங்க. காரணத்தைச் சொல்லுங்க."

"காரணம் ஒண்ணும் இல்லீங்க சார்."

"சரிங்க அம்மணி. சொல்லணும்னு தோணறப்பச் சொல்லுங்க. அது வரைக்கும் உங்க இடம் உங்களுக்காகக் காலியாவே இருக்கட்டுங்க."

போஸ்டுக்கு எதுக்க வட்டம் விழுந்துச்சு.

அவ எதுக்கு லேட்டா வர்றான்னு நான் அடுத்த வாரமே கண்டுபோட்டேன். லேப் பிளாக் மாடியில ஏறினா, எஸ்தர் ட்ராக் பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுத் தரை துடைச்சுட்டு இருக்கறா. விளக்கமாறு வெக்கற ரூம்புக்குள்ள அவிய அம்மா உக்காந்திருக்காங்க. சீலைத் தலைப்புக்குள்ள கை, மாவுக்கட்டு. பஸ்ல இருந்து எறங்கறப்ப விழுந்துட்டாங்களாம். காலையில எப்படியோ ஒரு கையில சமாளிச்சுப் போடறாங்க. சாயங்காலம் கிளாஸ் விட்டப்புறம் மூணு மாடி துடைக்கறது முடியலை.

"சார்கிட்ட நான் சொல்றேன் கண்ணு"ன்னேன்.

"ஐயோ வேண்டாங்க மேம். சாரு நல்லவருங்க, அதானுங்க பயம். உடனே ஆபீஸுக்குப் போன் போட்டு அம்மாவுக்கு லீவு கேட்பாருங்க. கான்ட்ராக்ட்காரன் லீவா குடுப்பான்? வேற ஆளைப் போட்ருவான். கட்டுப் பிரிக்கற வரைக்கும்தானுங்க. ஜோனலுக்குள்ள வந்துருவேனுங்க."

அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. நடராஜ் சாருக்கு எதையும் நேர் வழியில, ஆபீஸ் வழியிலதான் செய்யத் தெரியும். நான் வாயைத் தொறக்கலை. இப்பக் கேட்டாலும் தொறக்காததுதான் சரின்னு சொல்லுவேன்.

இனிமேத்தான் சொல்றதுக்குச் சிரமமான பகுதி. மொதல்லயே சொல்லிப்போடறேன், எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை கிடையாது. எங்க ஊட்டு வாசல்ல எலுமிச்சம்பழம்கூடக் கட்டினதில்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதறேன்.

ஆரம்பத்துல கண்றாவியா இருந்துச்சு. "ஏழு!"ன்னு கத்திப் பாஸ் போடுவாங்க, பந்து வட்டத்துல பட்டுக் காத்துக்குச் சாஞ்சு வேலி வரைக்கும் உருண்டு போகும். எஸ்தர் துடைச்சு முடிச்சுட்டு வந்து கோட்டுக்கு வெளிய நின்னு பார்ப்பா. அவளைப் பார்க்காம ஆடறதுக்கு நாலு பேரும் படாதபாடு படுவாங்க. கௌசின்னு கேப்டன், நெட்டைப் பொண்ணு, எஸ்தரோட சிநேகிதிக கூட்டத்துல ஒருத்தி. அவ கண்ணு தன்னால அந்தப் பக்கம் போயிட்டு வரும்.

நாள் போகப் போகப் பந்து உருண்டு போறது நின்னுச்சு. பாஸ் வட்டத்துக்குப் போகும், எழும்பும், அடுத்தவ சரியா வந்து எடுப்பா. அத்தனை சுத்தமா எஸ்தர் இருந்தப்பவே அவங்க ஆடினதில்லை. அப்புறம் கௌசி கண்ணு வெளிய போறதும் நின்னுச்சு. சிரமப்பட்டுப் பார்க்காம இருந்தவங்களுக்குச் சிரமமே இல்லாமப் போயிருச்சு. எஸ்தர் நிப்பா, அவளுக்கு அக்கட்ட இருக்கற மரத்தைப் பார்க்கற மாதிரி அவளைத் தாண்டிப் பார்ப்பாங்க. எனக்கு மொதல் பயம் வந்தது அன்னைக்குத்தான்.

இத்தனை வருசத்துல பந்துச் சத்தத்தை வெச்சே அது எங்க இருக்குதுன்னு திரும்பிப் பார்க்காமச் சொல்லிருவேன். ஒரு நாள் முதுகைக் காட்டி நின்னு வலையை முடிஞ்சுட்டு இருந்தேன். "ஏழு!"ன்னு கௌசி குரல். பந்து கையை விட்டுக் கிளம்பின சத்தம். அப்புறம் அக்கட்டக் கடைசியில ஒருத்தி கையில வந்து விழுந்த சத்தம். நடுவுல தரையில பட்ட சத்தம் இல்லை. காத்துத் தூக்கிட்டுப் போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். மரத்தைப் பார்த்தேன், இலை ஆடலை.

இன்னொரு நாள் கௌசி பின்னால நகர்ந்து வர்றப்பக் கால் வட்டத்துக்குள்ள போயிருச்சு. சட்டுன்னு திரும்பி, "சாரிடி"ன்னா. யார்கிட்டச் சொன்னோம்னு அவளுக்கே தெரியலை. மத்த பிள்ளைக சிரிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஒருத்திகூடச் சிரிக்கலை.

ஆடி மாசம் திருப்பூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல அழைப்புப் போட்டி. மேட்சுன்னா அஞ்சு பேர் எறங்கியே ஆகணும், அதனால ரேவதிங்கற பொண்ணை விட்டாரு. எப்பவும் பெஞ்சுல உக்காந்து இருக்கற அமைதியான பொண்ணு. "நீ அந்த மூலையில நின்னுக்கோ புள்ள, பந்து உன்கிட்ட வராது"ன்னாரு. போஸ்டுக்கு எதுக்க இருக்கற இடம் அங்கயும் காலி. சாக்பீஸ் வட்டம்கூட இல்லை.

பந்து போச்சு. நாலு பேரும் அந்த எடத்தைப் பார்த்து "ஏழு!"ன்னு கத்தினாங்க. எதுத்த டீம் பிள்ளைக ரெண்டு பேர் அந்த எடத்தை அடைக்க ஓடினாங்க. இக்கட்டக் கௌசி தனியா நின்னு கூடையில போட்டுட்டா. மறுக்காவும் அதே. ஒண்ணுமில்லாத எடத்துக்கு முன்னால கையை விரிச்சுட்டு ஒரு பொண்ணு காவல் நிக்கறா. நான் சாரைப் பார்த்தேன். அவரு மூஞ்சியில அந்த மாதிரி ஒரு வெளிச்சத்தை அதுக்கு முன்னால நான் பார்த்ததில்லை. தண்டனைக்குப் போட்ட வட்டம் ஜெயிக்கற வழியாயிருச்சு.

பாதி ஆட்டத்துல ரெஃபரி விசில் ஊதினாரு. எங்க டீம் மேல ஃபவுல். மேஜைக்கு நேரா வந்து ஒரு கையில அஞ்சு விரல், இன்னொரு கையில ரெண்டு விரல் காட்டினாரு. ஏழாம் நம்பர். மேஜையில இருந்தவங்க, "ஏழு கிரவுண்டுலயே இல்லீங்களே"ன்னாங்க. அவரு திரும்பி எங்க பிள்ளைக முதுகை ஒவ்வொண்ணாப் பார்த்தாரு. அப்புறம் நெத்தியைத் துடைச்சுட்டு, "அந்தப் பொண்ணு எங்கீங்க?"ன்னாரு.

இடைவேளையில ஆரஞ்சு நறுக்கி உப்புப் போட்டுக் குடுக்கறது என்ற வேலை. எல்லார்த்துக்கும் குடுத்துட்டுத் தட்டை எடுக்கறேன், பெஞ்சுல ஆளில்லாத எடத்துல ஒரு துண்டு இருக்குது. வெச்சது நான்தான்.

ஜெயிச்சோம். கை கழுவற குழாய்கிட்ட எதுத்த டீம் பொண்ணு, காவல் நின்னவதான், என்கிட்ட வந்தா. "மேம், உங்க ஏழாம் நம்பர் அக்கா எந்த ஊருங்க? நெம்ப நல்லா ஆடறாங்க. ஆனா என்ற காதுகிட்டவே மூச்சு விட்டுட்டு இருந்தாங்க, எனக்குக் கூச்சமாப் போச்சுங்க." நான் அன்னூருன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? திரும்பினா பார்க்கறவங்க படிக்கட்டுல எஸ்தர். தன் காசுல பஸ் ஏறி வந்திருக்கறா. எல்லாரும் பரிசு குடுக்கற எடத்தைப் பார்த்துட்டு இருக்காங்க, அவ மட்டும் போஸ்டுக்கு எதுக்க இருக்கற எடத்தைப் பார்த்துட்டு இருந்தா.

மறுநாள் சார் ரூம்புக்குப் போய்க் கதவைச் சாத்திட்டுச் சண்டை போட்டேன். நான் அவர்கிட்டக் குரலை உசத்தினது அந்த ஒரு தடவைதான்.

"தப்புப் பண்ணினா ஓட வைங்க, திட்டுங்க, ரெண்டு மேட்சு உக்கார வைங்க. அது தண்டனைங்க சார். இது என்னங்க? அந்தப் புள்ளையை உசுரோட இல்லாம ஆக்கிட்டு இருக்கறீங்க."

"மேடம், கோபப்படாதீங்க. எஸ்தர் இருந்தப்ப மத்த நாலு பேரும் அவளைப் பார்த்து ஆடினாங்க. இப்ப ஒருத்தரை ஒருத்தர் பார்த்து ஆடறாங்க. டீம்னா இதுதானுங்க. ஓடற வண்டியை நிறுத்தச் சொல்றீங்களா?"

"ஜோனல்ல ஆள் எடுக்கறவங்க காலி இடத்தையா எடுத்துட்டுப் போவாங்க? அவளுக்குக் கடைசி வருசங்க சார்."

"காரணத்தைச் சொன்னா நாளைக்கே எடுத்துக்கறேன். ஒரு வார்த்தைங்க. அதுக்குக்கூட எனக்கு மரியாதை இல்லீங்களா?"

"சொல்ல முடியாத காரணம்னு ஒண்ணு இருக்கக் கூடாதுங்களா சார்? உங்க ஊட்டுல நடக்கறதெல்லாம் நீங்க என்கிட்டச் சொல்லிட்டா இருக்கறீங்க?"

அவரு மேஜை மேல இருந்த சாக்பீஸை விரல்ல உருட்டிட்டே இருந்தாரு. கடைசியில தணிஞ்ச குரல்ல, "மேடம், அந்த இடத்தை நிறுத்தினா நிக்கும்னு நினைக்கறீங்களா?"ன்னாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, அவரும் பயந்துட்டுத்தான் இருக்காருன்னு. நாலு நாளா அவரு வட்டமே போடலையாம். பிள்ளைக அவங்களாவே ஆடிட்டு இருந்திருக்கறாங்க.

ஜோனலுக்கு முந்தின நாள் எஸ்தர் எல்லார்த்துக்கும் முன்னாலயே வந்து கிரவுண்டுல நின்னா. அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. சார்கிட்ட நேராப் போனா. "இனி லேட்டாகாதுங்க சார். காரணம் மட்டும் கேட்காதீங்க." சார் என்னையப் பார்த்தாரு, அவளைப் பார்த்தாரு. "போங்க அம்மணி. உங்க இடத்துல நில்லுங்க."

நின்னா. ஆட்டம் தொடங்குச்சு. கௌசி "ஏழு!"ன்னு கத்திப் பந்தை விட்டா. எஸ்தர் கையை நீட்டினா. பந்து அவ தோளை உரசிட்டு ஒரு அடி தள்ளிப் போச்சு, அங்க எழும்பி, அடுத்தவ கைக்குப் போயிருச்சு. மறுக்காவும் அப்படியே. எஸ்தர் ஒரு அடி நகர்ந்து நின்னா பந்து இந்தப் பக்கம் போகுது. நான் கௌசியைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவ மூஞ்சியில வம்பு இல்லை, வஞ்சனை இல்லை. சார் கையைத் தட்டினாரு. யாரும் நிக்கலை. அத்தனை வருசத்துல அந்தக் கைத்தட்டுக்கு ஒரு பொண்ணு நிக்காம நான் பார்த்ததில்லை.

நான் உள்ள போய்க் கௌசி கையைப் புடிச்சு நிறுத்தினேன். "ஏண்டி, கண்ணு தெரியலையா? அவளுக்குப் போடு."

கௌசி அழுதுட்டா. "அவளுக்குத்தானுங்க மேம் போடறேன். கையை நீட்டறா, போடறேன். இவ ஏனுங்க மேம் குறுக்க வந்து நிக்கறா?"

எஸ்தர் அழுதுட்டே வெளிய போயிருவான்னு நினைச்சேன். போகலை. தன் பக்கத்துல இருந்த காலி எடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தா. அப்புறம் சாரைப் பார்த்து, "என்னையவிட அவ நல்லா ஆடறாளுங்க சார். ஆனா நாளைக்கு எனக்கு வேணுங்க. அவளை வெளிய எடுங்க"ன்னா.

சார் எழுந்தாரு. கழுத்துல சும்மா தொங்கிட்டு இருந்த விசிலை எடுத்து ஊதினாரு. மேட்சுல ஆள் மாத்தறப்பக் காட்டற மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால குறுக்க வெச்சாரு. அந்தக் காலி எடத்தைப் பார்த்துச் சொன்னாரு. "ஏழு, வெளிய வாங்க அம்மணி. நெம்ப நல்லா ஆடினீங்க. செத்த உக்காருங்க."

நாலு பேர் தலையும் ஒண்ணாத் திரும்புச்சு. வட்டம் இருந்த எடத்துல இருந்து கோடு வரைக்கும், கோட்டுல இருந்து பெஞ்சு வரைக்கும், ஒரு ஆள் நடந்து போற வேகத்துல திரும்புச்சு. பெஞ்சுல தனியா உக்காந்திருந்த ரேவதி நகர்ந்து எடம் விட்டா. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எஸ்தர் போய் நின்னா. கௌசி பந்தை விட்டா. அது எஸ்தர் கையில போய் விழுந்த சத்தம் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஜோனல் பெருந்துறைக்குப் பக்கத்துல ஒரு காலேஜ்ல. அரையிறுதியில தோத்துட்டோம். பிள்ளைகளுக்குப் பழையபடி ஆட வரலை, தடுமாறிட்டாங்க. ஏமாத்தறதுக்குக் காலி இடமும் இல்லை. ஆனா எஸ்தர் உசுரைக் குடுத்து ஆடினா. சாயங்காலம் யூனிவர்சிட்டி டீமுக்கு எடுத்தவங்க பேர் படிச்சப்ப அவ பேர் ரெண்டாவதா வந்துச்சு. கௌசி அவளைக் கட்டிப் புடிச்சுத் தூக்கிட்டா. எஸ்தர் போன்ல, "எம்மா, வந்துருச்சும்மா, வந்துருச்சு"ன்னு கத்தினா. அக்கட்ட அவங்க என்ன சொன்னாங்களோ, இவ சிரிச்சுட்டே அழுதா. நடராஜ் சார் கிட்டப் போய், "கெட்டிக்காரிதான் புள்ள நீ"ன்னாரு. அதைக் கேட்டு எனக்கும் கண்ணு கலங்கிப் போச்சு.

திரும்பறதுக்குக் கோயமுத்தூர் பஸ்ஸைப் புடிச்சோம். நல்ல கூட்டம். பிள்ளைக முண்டி ஏறி எடம் புடிச்சுட்டாங்க, எனக்கும் ஒரு எடம் போட்டுட்டாங்க. சாருக்கு இல்லை, கம்பியைப் புடிச்சுட்டு நின்னாரு. எனக்கு எதுத்த வரிசையில எஸ்தர் உக்காந்திருந்தா. ஜன்னலோரம் காலி, இவ இந்த ஓரத்துல. இவ்வளவு கூட்டத்துல நல்ல ஜன்னல் சீட்டை விட்டுட்டு எதுக்கு ஓரத்துல உக்காந்திருக்கறான்னு நான் யோசிக்கறதுக்குள்ள, கூடையும் கையுமா ஒரு அம்மா வந்து நின்னாங்க.

"ஏனுங்க கண்ணு, அந்தப் பக்கம் காலிதானுங்களே?"

"இல்லீங்க. ஆளிருக்குதுங்க"ன்னா எஸ்தர். சொல்லிட்டு, பக்கத்துல இருக்கறவ மேல இடிக்காம முழங்காலை இந்தப் பக்கம் ஒதுக்கிக்கிட்டா. முன்சீட்டுல இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்க்கலை.

அந்தம்மா ஒருக்கா ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துட்டு, மறுபேச்சுப் பேசாமப் பின்னால போயிட்டாங்க. நடராஜ் சார் கோயமுத்தூர் வரைக்கும் நின்னுட்டேதான் வந்தாரு.